நேற்று என்று சொன்ன ஏழு நாள்

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த இரண்டாவது வருஷம் அது. கோத்தா திங்கியிலிருந்து நாலு மைல் தள்ளி, மூடிக் கிடந்த ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், நானும் என் வீட்டுக்காரியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தோம். எனக்கு முப்பது வயது. வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். சம்பளம் நின்றது, அரிசி நின்றது. லயத்தில் பாதிப் பேர் மரவள்ளிக்கிழங்கை மட்டும் தின்று கால் வீங்கிக் கிடந்தார்கள். என் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் சோறு பொங்கும். இவன் பெருமைக்காகச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். ஆமாம், பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நான் படித்தது தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். இன்றைக்கு என்னிடம் ஒன்பது லாரி ஓடுகிறது. இதை எழுதும்போதுகூட எழுத்துப் பிழை பார்க்கப் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் மூளை என்பது பள்ளிக்கூடத்தில் மட்டும் கொடுக்கிற சாமான் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் சைக்கிளுக்கு டயர் கிடையாது. ஆளாளுக்கு வெறும் இரும்பு வளையத்தில் கடகடவென்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்திலோ ரப்பர் மரம் கேட்பாரில்லாமல் நின்றது. நான் மரத்தைக் கீறிப் பால் வெட்டி, ஆசிட் கிடைக்காததால் புளித்த தேங்காய்த் தண்ணீரை ஊற்றி உறையவைத்து, ஷீட் போட்டு, அதை வார் வாராக அறுத்து வளையத்தில் இறுக்கிச் சுற்றி டயர் செய்தேன். காற்றே வேண்டாத டயர். கோத்தா திங்கியில் என் டயர் இல்லாத சைக்கிளே இல்லை என்ற நிலைமைக்குக் கொண்டுவந்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்கே நான்தான் டயர். அதற்கு அவர்கள் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டு போய், போனவர்களில் பாதிப் பேர் திரும்பாத காலத்தில் அந்தச் சீட்டுதான் என்னைக் காப்பாற்றியது.

ஒரு சனிக்கிழமை, ஸ்டேஷனுக்கு எட்டு டயர் வேண்டும் என்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள். அந்தச் சந்தோஷத்தில், எப்படியோ தேடிப்பிடித்து ஒரு போத்தல் சிவப்புப் பாமாயில் கொண்டுவந்தேன். அதில் மரவள்ளியைப் பொரித்து லயமே மணக்க மணக்கத் தின்றோம். அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரிக்கு வலி வந்துவிட்டது. வலது பக்கம், விலா எலும்புக்குக் கீழே. அங்கேயிருந்து முதுகுக்கும் தோளுக்கும் ஏறியது. அதற்கு முன்னாலும் இரண்டொரு தடவை வந்து போன வலிதான். வாய்வு என்றாள். நானும் வாய்வு என்றேன். ஓமத் தண்ணீர் கொடுத்தேன்.

இந்தத் தடவை வலி போகவில்லை. எட்டு டயரையும் முடித்து புதன்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுவரை தள்ளிப்போட்டதற்கு ஒரு நியாயம் உண்டு. டயர் போகாவிட்டால் சீட்டுப் போய்விடும், சீட்டுப் போனால் நான் சயாமுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் புதன்கிழமையே அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. சீனக் கடைக்காரர் ஒருவர் இரண்டு டயருக்கு அரை மூட்டை அரிசி தருகிறேன் என்றார். அரை மூட்டை அரிசி! அந்தக் காலத்தில் அது எப்பேர்ப்பட்டது என்று இப்போது பிறந்தவர்களுக்குத் தெரியாது. அவள் பாயில் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். "நீங்க முடிச்சிட்டு வாங்க, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். நான் முடித்துவிட்டு வந்தேன். அதற்குள் வெள்ளிக்கிழமை இரவாகிவிட்டது. அவளுக்கு உடம்பு கொதித்தது, தண்ணீர் குடித்தாலும் வாந்தி.

சனிக்கிழமை விடிந்ததும் மாட்டு வண்டி பிடித்து ஆற்றங்கரையில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரி என்று பெயர்தான். முன்பு பள்ளிக்கூடமாக இருந்த பலகைக் கட்டடம். நல்ல கட்டடத்தைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டு, நம்மைப் போன்றவர்களுக்கு அதை விட்டிருந்தார்கள். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஒல்லியான ஆள். சட்டைக் கையில் ஒட்டுப் போட்டிருந்தது. உதவிக்கு ஒரு மலாய்க்கார நர்ஸ். எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். தமிழர்களோடு பழகிப் பழகி அவருக்கு நம் தமிழ் அத்துப்படி.

டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "எப்ப தொடங்கினது இந்த நோ?"

நான் யோசிக்கவே இல்லை. "நேத்து சாயங்காலந்தாங்க ஐயா" என்றேன்.

அது எப்படி வாயில் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு என்று ஒன்று நடக்கும். எல்லோரும் வரிசையாக நின்று பேர் கொடுக்க வேண்டும். உடம்புக்கு முடியாதவன் தனியாக நிற்பான். எப்போதிருந்து முடியவில்லை என்று பேர் எழுதுகிற தோட்டத்துக் கணக்கர், கிராணி, கேட்பார். மூன்று நாளாக என்று உண்மையைச் சொன்னால் தீர்ந்தது. "முந்தாநாளும் நேத்தும் வெட்டுக்குப் போனியே, இன்னைக்கு மட்டும் என்ன கேடு?" என்று விரட்டிவிடுவார். அதனால் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரு பாடம் மனப்பாடம்: யார் கேட்டாலும், எத்தனை நாள் நோவாக இருந்தாலும், இப்போதுதான் ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். பத்து வயதிலேயே பெரட்டில் நின்றவன் நான். தூக்கத்தில் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

பழக்கத்தின் மேல் மட்டும் பழி போட்டால் அதுவும் பொய். ஏழு நாள் என்று சொன்னால், ஆறு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். டயர் சுற்றிக்கொண்டிருந்தேன் என்று அந்தப் படித்த மனிதர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டாக்டர் அவள் விலாவுக்குக் கீழே விரலை வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னார். பாதி மூச்சிலேயே துடித்துப்போனாள். அவர் நெற்றியைச் சுருக்கினார். "ஒரு நாளுக்குள்ள இவ்வளவு வீக்கமோ? நிச்சயமா நேற்றுத்தானோ?"

"சத்தியமா ஐயா" என்றேன்.

என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து விளக்கிச் சொன்னார். ஈரலுக்குக் கீழே பித்தப்பை என்று ஒரு சின்னப் பை இருக்கிறதாம். அதற்குள் கல் உண்டாகி, ஒரு கல் வாயை அடைத்துவிட்டது, பை வீங்கி அழன்று கிடக்கிறது என்றார்.

"ஆறவிட்டுப் பிறகு வெட்டலாம் எண்டு சொல்லுற டாக்குத்தர்மார் கனபேர். என்ர எண்ணம் வேற. தொடங்கி ரெண்டு மூண்டு நாளுக்குள்ள எண்டால் பையைச் சுத்தித் தண்ணி கோத்திருக்கும். விலத்தினால் லேசா விலகி வரும். நீர் அடுத்த நாளே கொண்டுவந்திட்டீர், நல்லதாப் போச்சு. இங்க வாறவை எல்லாம் கிழமைக் கணக்கா வைச்சிருந்துதான் வருவினம். நீர் புத்திசாலி ஐசே."

மயக்க மருந்து ஒரே ஒரு போத்தல்தான் இருக்கிறது, அது இவளுக்குப் போதும் என்றார். கரண்டு கிடையாது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேற்கு ஜன்னலில் வெயில் நேராக விழும், அந்த வெளிச்சத்தில் வெட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எனக்கு மற்றது எதுவும் காதில் நிற்கவில்லை. புத்திசாலி என்றது மட்டும் நின்றது. என் வாழ்க்கையில் படித்தவர் ஒருவர் என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. வெளியே பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டேன். வலி என்று அவள் சொன்ன மாத்திரத்தில் வண்டி கட்டினேன், ஒரு ராத்திரிகூடத் தாமதிக்கவில்லை, டாக்டரே என் முதுகில் தட்டினார் என்று அளந்தேன். அவர் தட்டவில்லை. அது நானாகச் சேர்த்தது. பிறகு பேச்சு டயருக்குப் போய்விட்டது.

வாளியோடு அந்தப் பக்கம் வந்த மிஸ்ஸி, "தவுக்கே டயர், கொஞ்சம் வாய்க்கும் ஓய்வு குடுலா. உள்ள ஆளுங்க தூங்கறாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி என்று கேலி செய்தாலும் எனக்கு அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

பெஞ்சில் கால் வீங்கிய ஒரு ஆள் மட்டும் சிரிக்கவில்லை. "உன் சம்சாரம் குடுத்து வச்சவ அண்ணே" என்றார். "எனக்கு அந்தப் புத்தி வரல. எம் பொண்டாட்டிய அஞ்சு நாள் வீட்டுலயே வச்சிருந்துட்டேன். இதே டாக்டருதான் பாத்தாரு, அவ பொழைக்கல. அவருமேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது." சொல்லிவிட்டுக் காலைத் தடவிக்கொண்டார்.

எழுந்துபோய், தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்த டாக்டரிடம் கேட்டேன். "ஐயா, சும்மா தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன். இந்த நோவுல லேட்டாகி வந்தா என்ன ஆகும்?"

"ஒரு கிழமை, ஏழு நாள் போனால் பை ஈரலோட ஒட்டிப்போயிடும். எது பை, எது குழாய் எண்டு தெரியாது. கை வைச்சால் ரத்தம். பித்தக் குழாயை அறுத்துப்போட்டால் ஆள் தப்பாது. அப்ப வெட்டக் கூடாது. ஒண்டு முன்னுக்கு வெட்ட வேணும், இல்லாட்டி ரெண்டு மாசம் ஆறவிட்டு வெட்ட வேணும். நடுவில மட்டும் வேண்டாம்."

படித்தவருக்கு இது புத்தகத்தில் இருக்கும். எனக்கு அது கையில் இருந்தது. தட்டில் ரப்பர்ப் பாலை ஊற்றிப் புளித்த தண்ணீரைக் கலக்கினால், முதலில் கொஞ்ச நேரம் அது பாலாகவே இருக்கும். குப்பை விழுந்தால் எடுத்துவிடலாம், வேண்டுமானால் வேறு தட்டுக்கு மாற்றலாம். நன்றாக உறைந்த பிறகும் பிரச்சினை இல்லை. தட்டைக் கவிழ்த்தால் முழுசாக வந்துவிடும். நடுவில் ஒரு நேரம் இருக்கிறது. பாலும் இல்லை, ஷீட்டும் இல்லை. அப்போது விரலை வைத்தால் விரலோடு இழுத்துக்கொண்டு வரும், தட்டு முழுக்க நாசம். எத்தனை பேரை அதற்காகத் திட்டியிருக்கிறேன், தொடாதே தொடாதே என்று. என் வீட்டுக்காரி அந்த நடு நேரத்தில் படுத்திருந்தாள்.

சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. நான் சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். டாக்டர் கோபத்தில் வண்டியைத் திருப்பச் சொல்வார். பெஞ்சில் இருக்கிறவர்கள் முன்னால் என் முகம் என்ன ஆவது? சொல்லாவிட்டால்? டாக்டர் கெட்டிக்காரர், எப்படியும் சமாளிப்பார் என்று ஒரு மனம் சொன்னது. வெட்கப்பட்டுத்தான் எழுதுகிறேன், அந்த மனமும் என்னுடையதுதான்.

அவளைப் பார்க்கப் போனேன். மிஸ்ஸி அவள் வளையலைக் கழற்றித் துணியில் முடிந்துவைத்திருந்தார். நான் பக்கத்தில் குந்தினேன். மெதுவான குரலில் அவளே பேசினாள்.

"டாக்டரு ரெண்டு தடவ கேட்டாரு. எதுக்கோ வேணும்னுதானே கேக்கறாரு? நீங்களே போயி சொல்லிருங்க. நான் சொன்னா உங்கள எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க."

இதை நான் அன்றிலிருந்து எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையையும் என் மரியாதைக்காக என் கையிலேயே கொடுத்துவிட்டுப் படுத்திருந்தாள்.

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய்த் தகரத்தில் கொதித்து ஆறிய தண்ணீர். மிஸ்ஸி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நேத்து இல்லிங்க. போன சனிக்கிழம."

கழுவின கை நின்றது. "எத்தினை நாள்?"

"ஏழு."

"ரெண்டாந்தரம் கேட்டன். சத்தியம் எண்டீர்."

"ஆமாங்க." பெரட்டைப் பற்றிச் சொன்னேன். டயரைப் பற்றியும் சொன்னேன், அரை மூட்டை அரிசியையும் மறைக்கவில்லை. மிஸ்ஸி "அலமாக்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் கத்துவார் என்று நின்றேன். அவர் கத்தவில்லை. துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"இது பெரட்டுக் களமில்லை ஐசே. உம்மட சம்பளத்தை வெட்ட இங்க ஒருத்தரும் நிக்கேல்லை. நோ தொடங்கின நாளை வைச்சுத்தான் நான் கத்தியை எடுக்கிறதோ வைக்கிறதோ எண்டு முடிவெடுக்கிறன். காலமை உம்மைப் புத்திசாலி எண்டு சொன்னன். அதைத் திருப்பித் தாரும்."

கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய?

மறுபடியும் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், நாடியை எண்ணினார். பிறகு மயக்க மருந்துப் போத்தலை அலமாரியில் வைத்துப் பூட்டினார். வெட்டாமல் விடுவதும் ஆபத்துதான் என்றார். பை சீழ் வைத்து வெடிக்கப் பார்த்தால், முழுசாக எடுக்காமல் ஒரு குழாயை மட்டும் சொருகி வடியவிடுவேன், அதற்கு மேல் கடவுள் விட்ட வழி என்றார். வாய் வழியாக ஒன்றும் கொடுக்காமல் ஊசியில் உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். நான் நகரவில்லை. மூன்று நாள் அவள் நெற்றியில் ஈரத் துணி மாற்றினேன். டாக்டர் மணிக்கு ஒரு தடவை வந்து நாடி பார்ப்பார். என்னோடு பேசமாட்டார். நானும் அந்த மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. தவுக்கேக்கு வாய் வலியா என்று மிஸ்ஸி கேட்டும் பேசவில்லை.

நாலாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கியது. கஞ்சி வேண்டும் என்று கேட்டாள். கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்தபோது, "டயரு எத்தனன்னு கேட்டா மட்டும் கரெக்டா எண்ணிச் சொல்லுவீங்க" என்றாள். சிரித்தால் விலா வலிக்கும் என்று சிரிக்காமல் சொன்னாள்.

இரண்டு மாதம் எண்ணெய் வாசனையே படாமல் அவளை வைத்திருந்தேன். மிச்சப் பாமாயிலை விளக்குக்கு ஊற்றினேன். கரியால் சுவரில் கோடு கிழித்து நாளை எண்ணினேன். டாக்டர் சொன்ன நாளன்று, ஒரு நாள் முந்தாமல் ஒரு நாள் பிந்தாமல் கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன். அந்த ஒரு போத்தல் மருந்து எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. நடுவில் யாரோ ஒரு பிரசவக்காரிக்குப் போய்விட்டதாம். எங்கேயோ கேட்டு டாக்டர் இன்னொன்று வாங்கி வைத்திருந்தார். எப்படிக் கிடைத்தது என்று அவர் சொல்லவில்லை. அவர் சைக்கிளுக்கு இரண்டு டயர் சுற்றிக் கொடுத்தேன், நான் செய்ததிலேயே அதுதான் முதல் தரமான சரக்கு.

மேற்கு ஜன்னல் வெயிலில்தான் ஆபரேஷன் நடந்தது. வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறுவதற்குள் டாக்டர் வெளியே வந்துவிட்டார். ஒரு தகர மூடியில் பதினொரு கல், புளியங்கொட்டை மாதிரி.

"ஒட்டின இடமெல்லாம் தழும்பாக் கெட்டிப்பட்டுப் போச்சு. கெட்டிப்பட்டபடியால் வழி தெரிஞ்சுது. அண்டைக்கு வெட்டியிருந்தால்..." மூடியை என் கையில் கொடுத்தார். "புத்திசாலி எண்ட அந்தச் சொல்லை நீரே வைச்சிரும். பிந்தினாலும் வந்து உண்மையைச் சொன்னீர்."

அதன் பிறகு அவள் என்னோடு நாற்பத்தைந்து வருஷம் வாழ்ந்தாள். இன்னும் மூன்று பிள்ளை பெற்றாள். என் முதல் லாரிக்கு அவள்தான் தேங்காய் உடைத்தாள். போன வருஷம் என் மருமகனுக்கு இதே நோவு வந்து ஜோகூர் பாருவில் சேர்த்தோம். இப்போதெல்லாம் சின்னச் சின்ன ஓட்டை போட்டே எடுத்துவிடுகிறார்கள், சீக்கிரம் வந்தால் சீக்கிரமே எடுத்துவிடலாம் என்கிறார்கள். டாக்டர் பெண்மணி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். மருமகன் "நேத்துதான் டாக்டர்" என்று ஆரம்பித்தான். நான் கைத்தடியைத் தரையில் தட்டிக்கொண்டு குறுக்கே புகுந்தேன். "இல்லம்மா, செவ்வாக்கிழம ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. இன்னைக்கு வியாழன்."

என் லாரியை, என் டயரை, என் மூளையைப் பற்றியெல்லாம் நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன், அது என் பிறவிக் குணம், இனிமேல் மாறாது. ஆனால் நோவு வந்த நாளை மட்டும், வளையல் கழற்றிய கையோடு எனக்காக வாய் திறக்காமல் படுத்திருந்தவளின் முகத்தை நினைத்துக்கொண்டு, இன்று வரை ஒரு நாள்கூடக் குறைத்துச் சொன்னதில்லை.